கருவைக் கண்டெடுப்பவர் வாசிப்பவரே

நடுவர் அவர்களே, சபையில் இருக்கும் அம்மாமாரே, ஐயாமாரே, பின்வரிசைப் பிள்ளைகளே, வணக்கம்.

கவிதைக்கும் சிறுகதைக்கும் கருப்பொருளைத் தீர்மானிப்பவர் எழுதியவரா, வாசிப்பவரா? இதுதான் இன்றைய கேள்வி. நான் வாசிப்பவருக்காகப் பேச வந்திருக்கிறேன். "எழுதியவர் மனதில் இருந்ததுதான் கரு, ஆளாளுக்குப் பொருள் சொல்ல வெளிக்கிட்டால் அதற்கு எல்லையே இல்லை" என்றார் எதிரணித் தலைவர். எல்லையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த எழுதியவரைத் தேடிப் பார்ப்போம்.

"யாயும் ஞாயும் யாராகியரோ" என்று தொடங்கும் குறுந்தொகையின் 40ஆவது பாட்டு. பாடியவர் செம்புலப் பெயல்நீரார். அது அவருடைய சொந்தப் பெயரே அல்ல. பெயர் தெரியாமல் போனதால், செம்மண்ணில் பெய்த மழைநீர்போல இரு நெஞ்சும் கலந்தன என்று பாட்டில் வரும் 'செம்புலப் பெயல்நீர்' என்ற தொடரையே எடுத்து அவருக்குச் சூட்டிவிட்டார்கள். பெயரே தொலைந்தவரின் மனதை எங்கே போய்த் தேடுவது?

இன்னும் கேளுங்கள். அந்தப் பாட்டுக்கு ஒரு கூற்றுக் குறிப்பு உண்டு. தலைவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவிக்கு அவன் சொன்னது என்கிறது அது. குறிப்பை மறைத்துவிட்டு வாசியுங்கள், பாட்டு முழுக்க மகிழ்ச்சி. குறிப்போடு வாசியுங்கள், அதற்குள் ஒரு பெண்ணின் பயம் வந்து நிற்கிறது. கருவே மாறிவிட்டது அல்லவா? அந்தக் குறிப்பை எழுதியவர்கள் பின்னாளில் பாட்டுகளைத் தொகுத்தவர்கள் என்றே சொல்வார்கள். அதாவது, வாசித்தவர்கள்! மாரியின் முதல் மழைக்கு எங்கள் கிரவல் ஒழுங்கைகளில் சிவப்பாய் ஓடும் தண்ணீரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கோ அந்த உவமையை விளக்கக் குறிப்பே தேவையில்லை.

சிறுகதைக்கு வருகிறேன். புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்', 1934இல் வந்தது. அடிபட்டுக் கிடக்கும் புருஷனுக்குப் பால்கஞ்சி வார்க்க வழியில்லாமல் அம்மாளு இருட்டில் ஒருவனோடு போகிறாள். கிடைத்தது முக்கால் ரூபாய். கரு கற்பா, வறுமையா, நகரமா? "இதுதான் ஐயா, பொன்னகரம்!" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மிச்சம் எங்கள் கையில். கஞ்சி என்ற சொல்லை ஒரு மே மாதத்தில், போரின் கடைசி நாட்களில் சனங்கள் குடித்த கஞ்சியை நினைத்து முள்ளிவாய்க்கால் கஞ்சி வார்க்கும் நாளில், வன்னியில் இருந்து வாசித்துப் பாருங்கள். சென்னையில் இருந்து வாசித்தவருக்கு அந்தச் சொல் இவ்வளவு கனத்திருக்குமா?

நடுவர் அவர்களே, இனி நான் சொல்லப்போவது என் வகுப்பில் நடந்தது. தரம் 10 பிள்ளைகளுக்குப் பாரி மகளிரின் பாட்டைப் படிப்பித்தேன். புறநானூறு 112, ஐந்தே வரி.

"அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம், எம் குன்றும் பிறர் கொளார்;
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்றெறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே."

துறை கையறுநிலை, அதாவது இழப்பின் துயரைச் சொல்வது. மூவேந்தரும் பாரியின் பறம்பு மலையை முற்றுகையிட்ட கதையைச் சொல்லி, 'நாடிழந்த துயரம்' என்று கருப்பொருளைக் கரும்பலகையில் எழுதிவிட்டேன். போர் முடிந்த 2009இல் மூன்று வயதாக இருந்த ஒரு பிள்ளை கை உயர்த்தினாள். அவர்களுடைய காணி பல வருடங்கள் கழித்துத் திரும்பக் கிடைத்துவிட்டது. தகப்பனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

"ரீச்சர், முதல்ல அப்பா முன்னுக்கு நிக்கிறார், பிறகுதான் குன்று. கடைசியில குன்றை முதல் சொல்லிப்போட்டு அப்பாவைப் பின்னுக்கு விட்டிட்டினம். அதைச் சொல்ல ஏலாமல்தான் கடைசிக்கு விட்டிருக்கினம்."

எத்தனையோ வருடமாக இந்தப் பாட்டைப் படிப்பிக்கிறேன். அந்த வரிசை மாறியிருப்பதை நான் கவனித்ததே இல்லை. 'இலமே' என்ற சொல் ஏன் கடைசிச் சொல்லாக நிற்கிறது என்று அவள்தான் எனக்குக் காட்டினாள். கரும்பலகையில் எழுதியதை அழித்துவிட்டேன்.

சரி, எல்லை எங்கே என்று கேட்டீர்கள். அதே வகுப்பில் ஒரு பையன், "இது நிலாவைப் புகழ்ற பாட்டு" என்றான். நான் மறுக்கவில்லை. "எழும்பி உரக்க வாசி" என்றேன். 'அவ்வெண் நிலவின்' என்று சந்தோசமாகத்தான் தொடங்கினான். 'கொண்டார்' வந்ததும் குரல் இறங்கியது. 'இலமே'க்கு வந்ததும் புத்தகத்தைப் பார்த்தபடியே நின்றான். பிறகு, "இல்லை ரீச்சர், நிலா அப்பிடியே இருக்கு, இவைக்குத்தான் ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டு இருந்தான். அவனைத் திருத்தப் பாரி மகளிர் வரவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. அந்த ஐந்து வரியை அவன் வாசித்தான், அவ்வளவுதான்.

மணி அடித்துவிட்டது. வணக்கம்.