மானெக்‌ஷாவின் சொந்த பட்டாலியன் 1971-இல் எந்தப் பக்கம் நின்றது?

ஒரு மோட்டார் சைக்கிள். விலை ஆயிரம் ரூபாய். விற்றவர் சாம் மானெக்‌ஷா. பணம் அனுப்புகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டு பாகிஸ்தான் போனவர் யாஹ்யா கான். 1971 போரில் ஒருவர் இந்திய ராணுவத் தளபதி, மற்றவர் பாகிஸ்தான் அதிபர்!

இந்தக் கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள். கிழக்குப் பாகிஸ்தான் வங்கதேசமாகப் பிரிந்ததைச் சொல்லி, "பாதி நாட்டைக் கொடுத்துக் கடனை அடைத்தார் யாஹ்யா" என்று முடிப்பார்கள். எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் இதைவிட நெஞ்சைப் பிசைகிற விஷயம் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இந்த வீடியோ.

பின்னணி இரண்டே வரி. 1947 வரை இருவரும் ஒரே பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் அதிகாரிகள். டெல்லித் தலைமையகத்தில் ஒரே பிரிவில் வேலை பார்த்தவர்கள். நாடு பிரிந்தபோது ராணுவத்தையும் பாகம் பிரித்தார்கள்.

இப்போது பர்மாவுக்குப் போவோம்.

(திரையில்: சித்தாங் ஆற்றின் வரைபடம்)

1942 பிப்ரவரி 22. இரண்டாம் உலகப் போர். ஜப்பானியர்கள் விரட்டி வருகிறார்கள். ரங்கூனுக்குப் போகும் வழியில் சித்தாங் ஆற்றுப் பாலம். அதன் அருகே பகோடா நிற்கும் ஒரு குன்று. அந்தக் குன்றைப் பிடிக்க 12-ஆவது ஃபிரான்டியர் ஃபோர்ஸ் ரெஜிமென்டின் 4-ஆவது பட்டாலியனிலிருந்து ஒரு கம்பெனி, அதாவது பட்டாலியனின் ஒரு சிறு படைப்பிரிவு, ஏறுகிறது. முன்னால் போகிறவர் மானெக்‌ஷா, வயது 27. குன்று கைக்கு வந்தது. அவர் வயிற்றில் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன.

பிழைக்கமாட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். மேலதிகாரி கோவன் தன் மார்பிலிருந்த மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கத்தின் ரிப்பனைக் கழற்றி அவர் சட்டையில் குத்தினார். ஏன் இந்த அவசரம்? இறந்தவருக்கு அந்தப் பதக்கம் தரும் வழக்கம் அப்போது இல்லை. அவருடைய ஆர்டர்லி, அதாவது உதவிச் சிப்பாய், ஷேர் சிங் மட்டும் நம்பிக்கையை விடவில்லை. தன் அதிகாரியைத் தூக்கிச் சுமந்து மருத்துவரிடம் சேர்த்தார். அந்த சீக்கியச் சிப்பாய் இல்லையென்றால் 1971-இல் நமக்கு மானெக்‌ஷா கிடைத்திருக்கமாட்டார். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அந்தப் பட்டாலியனின் பழைய பெயர் '54-ஆவது சீக்கியர்'. பாகப்பிரிவினையில் அது யாருக்குப் போனது தெரியுமா? பாகிஸ்தானுக்கு! சீக்கியச் சிப்பாய்கள் இந்தியா வந்தார்கள். பட்டாலியன் அங்கே தங்கிவிட்டது. 1956-இல் அதற்கு '6 ஃபிரான்டியர் ஃபோர்ஸ்' என்று புதுப்பெயர் வைத்தார்கள். மானெக்‌ஷா கூர்க்கா படைக்கு மாறினார்.

1971 டிசம்பர் 3. பஞ்சாப் எல்லையில், ஃபாசில்காவுக்கு எதிரே சுலைமான்கி பகுதி. இந்தியப் படை மீது பாய்ந்தது அதே 6 ஃபிரான்டியர் ஃபோர்ஸ். அதில் ஒரு கம்பெனியை நடத்தியவர் மேஜர் ஷபீர் ஷரீஃப். பிடித்த இடத்தை மூன்று நாள் விடாமல் காத்தார். டிசம்பர் 6-ஆம் தேதி, டாங்கி எதிர்ப்புப் பீரங்கியைத் தானே இயக்கிக்கொண்டிருந்தபோது டாங்கிக் குண்டு பட்டு இறந்தார். பாகிஸ்தான் அவருக்குத் தன் மிக உயர்ந்த வீர விருதான நிஷான்-இ-ஹைதரைக் கொடுத்தது.

அவருக்கு வயது 28. சித்தாங்கில் மானெக்‌ஷா குண்டடிபட்டதற்கு அடுத்த ஆண்டு பிறந்தவர்.

ஒரு ராணுவ அதிகாரிக்குப் பட்டாலியன் என்பது பிறந்த வீடு மாதிரி. தன் பிறந்த வீட்டை எதிர்த்தே உத்தரவு போட வேண்டிய நிலை மானெக்‌ஷாவுக்கு. யாஹ்யாவின் கடனை விட இதுதான் பெரிய கதை என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

மானெக்‌ஷா 2008-இல் நீலகிரியின் வெலிங்டனில் இறந்தார். உதகையின் பார்சி கல்லறைத் தோட்டத்தில், மனைவியின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். மலைக்குப் போகிறவர்கள் ஒருமுறை போய் வணங்கிவிட்டு வாருங்கள்.

உங்கள் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ 1947-க்கு முன் ராணுவத்தில் இருந்தாரா? எந்த ரெஜிமென்ட், பிரிவினையில் அது எந்தப் பக்கம் போனது என்று கமெண்ட்டில் எழுதுங்கள். ஒன்று விடாமல் படிக்கிறேன்.