எண்ணூரில் மோதிய இரண்டு கப்பல்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

2017 ஜனவரி 28. விடியற்காலை நாலு மணி வாக்கில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. இது நம் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கப்பல்கள் எதற்காக வந்தன என்பதைத்தான் நாம் அதிகம் பேசவில்லை. பி.டபிள்யூ. மேப்பிள் சமையல் எரிவாயுவை இறக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. டான் காஞ்சிபுரம் பெட்ரோலியப் பொருட்களை ஏற்றிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தது. ஒன்று அடுப்புக்கு, இன்னொன்று வண்டிக்கு. இரண்டும் நமக்காக வந்தவை.

கடலில் கொட்டியது அந்தச் சரக்குகூட இல்லை. கப்பல் ஓடுவதற்காக வைத்திருந்த ஃபர்னஸ் ஆயில். முதலில் பெரிய கசிவு இல்லை என்றார்கள். பிறகு வந்த கணக்கு, சுமார் 250 டன்.

எர்ணாவூர் பாரதியார் நகர் கரையை நினைத்துப் பாருங்கள். அலை அடித்து அடித்து, எண்ணெயும் கடல் நீரும் கலந்து களியாகிவிட்டது. உறிஞ்சு வாகனங்கள் திணறின. கரையில் போட்டிருந்த பாறைகளின் இடுக்கில் போய் அடைந்ததை எந்த இயந்திரம் எடுக்கும்? கடைசியில் பக்கெட்தான். மீனவர்கள், கல்லூரி மாணவர்கள், கடலோரக் காவல்படையினர் வரிசையாக நின்று மொண்டு மொண்டு கைமாற்றினார்கள். ஒரு பக்கெட்டைக் கவிழ்த்தால் பாதி விழும், மீதி உள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த பிளாஸ்டிக் பக்கெட், கையுறை, களியை ஏற்றிப்போன லாரியின் டீசல், எல்லாமே எண்ணெயிலிருந்து வந்தவை. அந்த மீனவரின் நைலான் வலையும் அப்படித்தான். எண்ணெயை அள்ளுவதற்கும் எண்ணெய்தான் வேண்டியிருந்தது.

இந்தியா பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி. அதில் பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது. வந்து சேரும் இடமெல்லாம் ஏதாவது ஒரு குப்பத்தின் வாசலாக இருக்கிறது.

உடனே ஒரு பேச்சு வரும்: "எல்லோரும்தானே பெட்ரோல் போடுகிறோம், யாரைக் குறை சொல்வது?" இதை நான் ஏற்கமாட்டேன். ஆவடியிலிருந்து வேலைக்குப் போகிற பெண் ஆசைப்பட்டா ஸ்கூட்டி வாங்குகிறார்? நேரத்துக்கு பஸ் இல்லை, வந்த பஸ்ஸில் நிற்க இடம் இல்லை. கடன் வாங்கி வண்டி எடுக்கிறார். அந்தக் கடனோடு சேர்த்து எண்ணெயையும் அவர் தலையில் கட்டிவிட்டோம். ஆகவே நாம் கேட்க வேண்டியது நிறைய பஸ், நிறைய ரயில், நடக்க நடைபாதை. எண்ணெய்க் கசிவுக்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஊருக்கு எண்ணெய் குறைவாகத் தேவைப்பட்டால், எண்ணூருக்குக் கப்பலும் குறைவாக வரும்.

கசியவிட்டவர்கள் இழப்பீடு தர வேண்டும். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் இழப்பீடு கொடுத்ததோடு கணக்கு முடிந்தது என்று நாம் வீட்டுக்குப் போய்விடுகிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் மறுபடி வந்தது. இந்த முறை கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில். கூழைக்கடாக்களின் வெள்ளை இறகெல்லாம் கறுத்துப்போனது. காட்டுக்குப்பத்து மீனவர்கள் படகில் போய் எண்ணெயை அள்ளினார்கள். இந்த முறையும் கையால்தான்.