சக்கை இருக்கும்வரை

நேயர்களுக்கு வணக்கம். நம் மொரீஷியஸ் தீவின் மேற்குக் கரையில் ஆல்பியோன் பக்கம் போனவர்கள் புவான்ட் ஓ காவ் பாறைமேல் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் கலங்கரை விளக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பகுதியில்தான் 100 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் ஒன்று வர இருந்தது. சி.டி. பவர் திட்டம் என்பார்கள். 2013 ஜனவரியில் சுற்றுச்சூழல் ஆர்வலர் ஜெஃப் லிங்காயா அதை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தார். கடைசியில் மின்நிலையம் வரவில்லை.

அப்போது எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. மகள் ஊர்வலத்துக்குப் போனாள். நானோ சர்க்கரை ஆலையில் கொதிகலன் ஓரத்திலேயே முப்பது வருஷம் ஓட்டியவன். "கரி வேண்டாம் என்கிறாயே, வீட்டில் ஃபிரிட்ஜ் எதில் ஓடுகிறது?" என்று கேட்டேன். "கரும்புச் சக்கை இருக்கிறதே அப்பா" என்றாள். சண்டை முழுக்க இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில்தான் நடந்தது. கோபம் வந்தால் எங்கள் வீட்டில் யாருக்கும் தமிழ் வராது.

சக்கையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். ஒரு டன் கரும்பைப் பிழிந்தால் 300 கிலோ சக்கை மிஞ்சும், அதிலும் பாதி ஈரம். வெட்டு நடக்கும் ஜூன் முதல் டிசம்பர் வரை அதை எரிப்போம். வெட்டு முடிந்து சக்கையும் தீர்ந்ததும், அதே கொதிகலனில் தென்னாப்பிரிக்கக் கரியைக் கொட்டுவோம். ஃபிளாக் பக்கத்து ஆலையில் 1985 முதலே இந்த ஏற்பாடு இருக்கிறது. பிறகுதான் பெல் வ்யூ, லா பராக் ஆலைகளுக்கும் அது வந்தது. கரும்பு மின்சாரமும் கரி மின்சாரமும் ஒரே அடுப்பில் பிறந்தவை. விளம்பரப் படங்களில் மட்டும் பச்சைத் தோகை அசையும். கரி ஏதோ ஆல்பியோனுக்குத்தான் முதன்முதலாக வரப்போகிறது என்பதுபோல் ஊர்வலத்தில் பேசியதுதான் எனக்கு எரிச்சல்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த நிலையம் வராவிட்டால் தீவே இருண்டுவிடும் என்று பயமுறுத்தியவர்களில் நானும் ஒருவன். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, நாம் இருட்டில் உட்காரவில்லை. மகள் இதை மறக்கவே விடுவதில்லை.

கரிக்குப் பதில் கன எண்ணெய், அதாவது கெட்டியான எரி எண்ணெய், எரித்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. சேன் லூயி, ஃபோர்ட் ஜார்ஜ் மின்நிலையங்களில் அதைத்தான் எரிக்கிறோம். ஆனால் எண்ணெயிலும் ஆபத்து உண்டு. 2020இல் வகாஷியோ கப்பல் புவான்ட் தெஸ்னியில் பாறையில் சிக்கி, சுமார் 1000 டன் எண்ணெய் கடலில் கொட்டியது ஞாபகம் இருக்கும். அப்போது ஊர் ஜனங்கள் துணிப்பைகளில் காய்ந்த கரும்புச் சோகையைத் திணித்து, தைத்து, கடலில் மிதக்கவிட்டார்கள். அந்த வாரம் நானும் மகளும் ஒரே பக்கம் நின்று சோகை திணித்தோம். கட்சி ஏதும் இல்லை.

இப்போது எனக்குப் பெரிய கவலை கரும்புதான். 2006 முதல் ஐரோப்பா சர்க்கரை விலையை 36 சதவீதம் வரை குறைத்தது. ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஆறு லட்சம் டன்னுக்கு மேல் சர்க்கரை செய்த தீவு இன்று இரண்டரை லட்சத்தைக்கூட எட்டத் திணறுகிறது. மிச்சம் மூன்றே ஆலைகள். கரும்பு குறைந்தால் சக்கை குறையும், சக்கை குறைந்தால் அடுப்பில் கரி கூடும். 2030க்குள் 60 சதவீத மின்சாரம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்கும் என்று இலக்கு வைத்தார்கள். சில வருஷங்களாக ஐந்தில் ஒரு பங்கைச் சுற்றியே நிற்கிறோம். பாம்பூவில் சூரியத் தகடுகளும், பிளேன் தெ ரோஷில் காற்றாலைகளும் இருக்கின்றன. நல்லதுதான். ஆனால் ராத்திரி சமையல் நேரத்தில் சூரியன் வராதே. கரியை எதிர்த்துப் பலகை பிடிப்பவர்கள், கரும்பு நிலத்தில் வில்லா எழும்பும்போதும் அதே சத்தத்தோடு வந்தால் எனக்குச் சந்தோஷம். சிறு விவசாயிக்குச் சக்கைக்கு என்ன விலை கிடைக்கிறது என்று எந்த ஊர்வலத்திலும் கேட்டதில்லை.

என் தம்பியிடம் தாத்தா காலத்து நிலம் இரண்டு ஆர்ப்பான், கிட்டத்தட்ட இரண்டு ஏக்கர், இருக்கிறது. இரண்டு வருஷமாக வெட்ட ஆள் கிடைக்கவில்லை. போன வாரம் தரகர் ஒருவர் வந்து விலை சொல்லிவிட்டுப் போனாராம். "என்ன அண்ணா செய்யலாம்?" என்று போனில் கேட்டான். மகளையும் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.