உலகை அதிகம் மாற்றியவர்கள் ஆய்வுக்கூடத்தில் நின்றவர்களே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், உலக வரலாற்றை அதிகம் மாற்றியவர்கள் நாடாண்டவர்களே என்று சொல்லி, அலெக்சாண்டர், செங்கிஸ்கான், நெப்போலியன் என்று ஒரு படையையே நடத்திக் காட்டினார். அவர் அளந்தது நிலத்தை. அலெக்சாண்டர் கி.மு. 323இல் கண்ணை மூடினார். தளபதிகள் பேரரசைக் கூறுபோட்டார்கள். செங்கிஸ்கான் 1227இல் இறந்தார். நூறாண்டுக்குள் அவர் பேரரசு நான்காகப் பிரிந்தது. நான் வேறு அளவுகோல் வைக்கிறேன். ஒருவர் செய்துவிட்டுப் போனதை இன்று பிடுங்கி எடுத்தால் எத்தனை பேருக்குச் சோறு நிற்கும், எத்தனை பேருக்கு உயிர் போகும்?

அந்த அளவுகோலில் முதலில் நிற்பவர்கள் ஜெர்மானிய வேதியியலாளர்கள் ஃபிரிட்ஸ் ஹேபரும் கார்ல் போஷும். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகிக் கிடப்பதால் பயிர் அதை நேரே எடுத்துக்கொள்ள முடியாது. 19ஆம் நூற்றாண்டின் முடிவில் ஐரோப்பிய வயல்கள் நைட்ரஜன் உரத்துக்குச் சிலி நாட்டு வெடியுப்பைப் பெரிதும் நம்பியிருந்தன. அது தீர்ந்தால் கோதுமைக்குப் பஞ்சம் வரும் என்று 1898இல் பிரிட்டன் வேதியியலாளர் வில்லியம் குரூக்ஸ் எச்சரித்தார்.

ஒரு பங்கு நைட்ரஜன், மூன்று பங்கு ஹைட்ரஜன் சேர்ந்தால் உரத்துக்கு அடிப்படையான அம்மோனியா. கணக்கு எளிது, சிக்கல் வெப்பத்தில். சூட்டைக் கூட்டினால் உருவான அம்மோனியா மறுபடி உடைகிறது. குறைத்தால் வினையே நகர்வதில்லை. ஹேபர் வளிமண்டலத்தைப் போல ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தம் கொடுத்தார், ஆஸ்மியம் என்ற உலோகத்தை வினையை விரைவுபடுத்தும் வினையூக்கியாக வைத்தார், உண்டான அம்மோனியாவைக் குளிர்வித்துப் பிரித்துவிட்டு மிஞ்சிய வாயுவைத் திரும்பச் சுற்றவிட்டார். 1909இல் அம்மோனியா சொட்டுச் சொட்டாக இறங்கியது.

சொட்டை ஆலையாக்கியவர் போஷ். ஆஸ்மியம் கிடைப்பதற்கரியது. அவருடைய குழுவில் இருந்த மிட்டாஷ் ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சோதித்து, அலுமினாவும் பொட்டாசியமும் கலந்த இரும்பைக் கண்டெடுத்தார். அடுத்து உலைகளே வெடித்தன. எஃகுக் குழாய்கள் சுமார் 80 மணி நேரம்கூடத் தாங்கவில்லை. காரணம், ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவி, அதிலிருந்த கார்பனை மீத்தேனாக்கி, உலோகத்தை நொறுங்க வைத்தது. போஷின் தீர்வை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. இரண்டு வேலைகளை இரண்டு உலோகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். உள்ளே வாயுவைத் தடுக்கக் கார்பன் குறைந்த மெல்லிரும்புக் குழாய். வெளியே அழுத்தத்தைத் தாங்க எஃகு உறை. உள்குழாயைக் கடந்து கசியும் ஹைட்ரஜன் வெளியேற அந்த உறையில் சிறு துளைகள்! 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் ஆலை ஓடத் தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் உணவு அந்த வழியில் வந்த உரத்தை நம்பியிருக்கிறது.

"இவர்கள் இல்லாவிட்டால் இன்னொருவர் செய்திருப்பார்" என்றார் எதிரணித் தோழி. முயன்றவர்கள் சாதாரணமானவர்களா? 1900இல் புகழ்பெற்ற வேதியியலாளர் ஆஸ்ட்வால்ட் வெற்றி என்றார். அந்த அம்மோனியா வினையூக்கியில் ஏற்கெனவே ஒட்டியிருந்த நைட்ரஜனிலிருந்து வந்தது என்று காட்டியவர் இளைஞர் போஷ். 1901இல் பிரெஞ்சு வேதியியலாளர் லெ சாட்டிலியேயின் கருவி வெடித்தது; அவர் கைவிட்டார். இன்னொருவர் வந்துவிடுவார் என்ற வாதம் மன்னர்களுக்கல்லவா கூடுதலாகப் பொருந்தும்? அரியணை என்றைக்காவது ஆளில்லாமல் கிடந்ததுண்டா?

முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22இல் பெல்ஜியத்தின் ஈப்ர போர்க்களத்தில் குளோரின் வாயுவைத் திறந்துவிடும் ஏற்பாட்டை நடத்தியவரும் இதே ஹேபர்தான் என்று நினைவூட்டினார்கள். உண்மை, அந்தக் கொடுமையை நான் மறைக்கமாட்டேன். ஆனால் நல்லவர் யார் என்பதல்ல நம் தலைப்பு. பிரிட்டனின் கடல் முற்றுகையால் சிலி வெடியுப்பு நின்றபின், ஜெர்மானியப் பேரரசரின் வெடிமருந்துக்கு நைட்ரஜன் எங்கிருந்து வந்தது? கணிசமான பகுதி போஷின் உலையிலிருந்து! போரை அறிவித்தவர் மன்னர். அது நான்காண்டு நீண்டது வேதியியலால்.

பெரியம்மையை ஒழித்தது அரசாணை என்பதும் அவர்கள் வாதம். ஆணை மட்டும் போதுமென்றால் பிரான்சின் பதினைந்தாம் லூயி 1774இல் அதே நோயில் மாண்டிருக்கமாட்டார். 1796 மே 14இல் எட்வர்டு ஜென்னர் ஒரு பால்காரப் பெண்ணின் கைப்புண்ணிலிருந்து பசு அம்மைச் சீழை எடுத்து எட்டு வயதுச் சிறுவனுக்குக் குத்தினார். பெரியம்மையைத் தடுக்க வழி திறந்தது. ஆனாலும் வெப்ப நாடுகளில் திரவ மருந்து வீரியம் இழந்தது. 1950களில் பிரிட்டன் அறிவியலாளர் கோலியர் அதை உறையவைத்து உலர்த்தித் தூளாக்கினார். அமெரிக்க அறிவியலாளர் ரூபினின் கவட்டை ஊசி இரு முனைகளுக்கிடையே ஒரு சொட்டைத் தாங்கும். 15 முறை குத்தினால் போதும், முன்பு ஒருவருக்கான மருந்து நான்கு பேருக்கு வந்தது. 1977இல் சோமாலியாவில் இயற்கையாகப் பரவிய கடைசி நோயாளி. 1980இல் ஒழிப்பு அறிவிப்பு.

எதிரணித் தலைவர் நெப்போலியனை அழைத்து வந்தாரே, அவரையே சாட்சிக்கு வைத்துக்கொள்கிறேன். பிரிட்டனோடு கடும்போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, அந்த பிரிட்டன்காரர் ஜென்னரின் முறைப்படித் தம் வீரர்களுக்கு அம்மை குத்த ஏற்பாடு செய்தவர் அவர். நன்றி, வணக்கம்.