மெஷின் ஜீரோ காட்டுது, வண்டி ஏன் உதறுது? பெரிய ஆஃப்ரோடு டயர் பேலன்சிங்

[திரையில்: நடுங்கும் ஸ்டீயரிங், ஸ்பீடோமீட்டரில் 90]

பேலன்சிங் மெஷினில் இரண்டு பக்கமும் ஜீரோ, அதாவது வீலில் இனி வெயிட் எதுவும் ஒட்ட வேண்டியதில்லை. எல்லாம் பக்கா, எடுத்துட்டுப் போங்க என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதே வண்டி நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஸ்டீயரிங் கையில் நிற்காமல் உதறுகிறது. 35 அங்குல மட் டயர் மாட்டிய பல பேர் இந்த இடத்தில்தான் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். மெஷின் பொய் சொல்லவில்லை. தன் ஷாஃப்டில் எப்படி மாட்டினார்களோ அப்படிப் பார்த்தால் இந்த வீல் சமமாக இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்கிறது. மாட்டுவதில்தான் கோளாறே. அதை நீங்களே கண்டுபிடிக்க ஒரு நிமிடச் சோதனை ஒன்று இருக்கிறது, வீடியோவை ஓட்டிவிடாமல் பாருங்கள்.

தியரியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். ஓரிடத்தில் எடை கூடினால் வீல் மேலும் கீழும் குதிக்கும், அது ஸ்டாட்டிக். உள்பக்கம் ஓரிடத்திலும் வெளிப்பக்கம் அதற்கு நேரெதிரிலும் எடை கூடினால் வீல் இடமும் வலமும் ஆடும், டைனமிக் பேலன்சிங் அதையும் சேர்த்துச் சரிசெய்வது. டயர் அகலமாக ஆக இரண்டாவது தொல்லை கூடும், அதனால் ரிம்முக்கு நடுவில் ஒரே வரிசையாக வெயிட் ஒட்டிக் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள், அது ஸ்டாட்டிக்கை மட்டும்தான் சரிசெய்யும். தியரி அவ்வளவுதான்.

இப்போது கணக்கு, எனக்குப் பிடித்த பகுதி. 35 அங்குல டயரின் ஓரத்தில், அதாவது ரோட்டில் படுகிற ரப்பரில், ஓரிடத்தில் 100 கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த வீல் நொடிக்குச் சுமார் 10 சுற்று சுற்றும், அந்த 100 கிராம் கிட்டத்தட்ட 18 கிலோ எடைக்குச் சமமான விசையோடு ஆக்ஸிலை இழுக்கும், நொடிக்குப் பத்து தடவை திசை மாற்றி மாற்றி. வேகம் பாதியானால் விசை கால்வாசிதான், அதனால்தான் ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றுமே தெரியாது. இதைவிட முக்கியமானது, கூடுதல் எடை இருப்பது டயரின் ஓரத்தில், நாம் வெயிட் ஒட்டுவதோ 17 அங்குல ரிம்மில், அச்சிலிருந்து பாதி தூரத்தில். ஆக அந்த 100 கிராமை அடக்க ரிம்மில் 200 கிராம் வேண்டும். பெரிய டயரில் நீளமாக வெயிட் பட்டை ஒட்டியிருப்பதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம், அது இயல்புதான்.

[திரையில்: மெஷின் ஷாஃப்டில் வீல், கோன் குளோசப்]

சரி, அந்தச் சோதனை. ஜீரோ வந்த பிறகு, ரிம்மின் நடுத்துளையில் நுழைந்து வீலை மையத்தில் நிறுத்தும் கோனைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி, ஷாஃப்ட் அப்படியே நிற்க வீலை மட்டும் அரைச் சுற்று திருப்பி, மறுபடியும் இறுக்கிச் சுழற்றச் சொல்லுங்கள். ஜீரோவோ, அதை ஒட்டி நாலைந்து கிராமோ வந்தால் நிம்மதி. திடீரென்று 80, 100 கிராம் கேட்டால் வீல் மெஷினில் மையமாக உட்காரவே இல்லை. டயரும் ரிம்மும் சேர்ந்து 45 கிலோ என்றால், ஒரே ஒரு மில்லிமீட்டர் மையம் விலகினாலும் ரிம்மில் சுமார் 200 கிராம் பிழை வந்துவிடும். கால் மில்லிமீட்டருக்கு 50 கிராம். திருப்பி மாட்டும்போது அந்தப் பிழை இரட்டிப்பாகத் தெரியும், அதனால்தான் மெஷினில் கோணலாக மாட்டியது இந்தச் சோதனையில் எளிதாகப் பிடிபடும். கம்பெனி ரிம் இல்லாமல் வெளியில் வாங்கிய ரிம் என்றால் இன்னும் கவனம் தேவை. அவற்றில் பலவற்றின் நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருக்கும், வண்டியில் அவற்றை மையத்துக்குக் கொண்டுவருவது வீல் நட்டுகள்தான். அப்படிப்பட்ட ரிம்மை வெறும் கோனில் மாட்டாமல், நட் துளைகளில் அழுத்திப் பிடிக்கும் ஃபிளாஞ்ச் பிளேட் போட்டு மாட்டச் சொல்லுங்கள். பிளேட் இல்லை என்று சொல்கிற இடத்தில் நான் பெரிய டயரைக் கொடுக்க மாட்டேன்.

டயரே வட்டமாக இல்லையென்றால் எந்த வெயிட்டும் உதவாது, ரோலரை டயர் மேல் அழுத்திச் சுழற்றிப் பார்க்கும் ரோடு ஃபோர்ஸ் மெஷின் அதைத் தெளிவாகக் காட்டும்.

அப்புறம், கமென்ட்டில் ஓயாமல் வருகிற கேள்வி: டயருக்குள் பேலன்சிங் பீட்ஸ் எனப்படும் குட்டிக் குட்டி மணிகளைப் போட்டால் அவையே பேலன்ஸ் செய்துகொள்ளுமா? உருளுகிற மணிக்கு எடை குறைந்த பக்கம் எது என்று எப்படித் தெரியும்? இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு ரப்பர் பேண்டில் பூட்டைத் தொங்கவிட்டுக் கையை மெதுவாக மேலும் கீழும் ஆட்டுங்கள், பூட்டு கையோடு சேர்ந்தே வரும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் பூட்டு பயங்கரமாகக் குதிக்கும். அதையும் தாண்டி வேகமாக ஆட்டினால் கை மேலே போகும்போது பூட்டு கீழே வரும், நேரெதிராக! சஸ்பென்ஷனில் தொங்குகிற ஆக்ஸிலும் இப்படித்தான். அந்தக் குதிக்கும் வேகத்தைத் தாண்டிய பிறகு, டயரின் கனமான பக்கம் மேலே வரும்போது ஆக்ஸில் கீழே இருக்கும். அதாவது வீல் சுழல்கிற உண்மையான மையம் கனமான பக்கமாக நகர்ந்துவிடும், இலேசான பக்கம் மையத்திலிருந்து தள்ளிப்போய்விடும். மணிகள் எப்போதும் மையத்திலிருந்து அதிக தூரத்துக்குத்தான் ஓடும், ஆகவே தாமாகவே இலேசான பக்கத்தில் போய்க் குவியும். இதை முதலில் புரிந்துகொண்ட அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் இதிலேயே வில்லங்கமும் இருக்கிறது. குதிக்கும் வேகத்துக்குக் கீழே எல்லாம் தலைகீழ், மணிகள் கனமான பக்கத்திலேயே போய்ச் சேர்ந்து ஆட்டத்தைக் கூட்டும். ஆக்ஸில் குதிக்கிற அந்த வேகம் பொதுவாக நொடிக்கு 10 முதல் 15 தடவை. 25 அங்குல கார் டயர் 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 14 சுற்று சுற்றும், நம்ம 35 அங்குலம் 10 தான். அதாவது டயர் பெரிதாக ஆக, மணிகள் வேலை செய்யத் தொடங்கும் வேகமும் மேலே போய்க்கொண்டே இருக்கும். ஒருவர் மணிகளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவதற்கும் இன்னொருவர் திட்டித் தீர்ப்பதற்கும் இதுவே ஒரு காரணம் என்பது என் கணிப்பு. பாறையிலும் சேற்றிலும் வெயிட்டுகள் பிய்ந்துபோகிற வண்டிக்கு மணிகள் போடலாம், நெடுஞ்சாலையில் ஓடுகிற வண்டிக்கு நான் வெயிட்டைத்தான் சொல்வேன். போடுவதாக இருந்தால் உள்ளே ஈரம் இருக்கக் கூடாது, மணிகள் ஒட்டிக் கட்டியாகிவிடும்.

கடைக்குப் போகும் முன் ரிம்மின் உள்பக்கம் காய்ந்த சேற்றைக் கழுவுங்கள், அதுவும் எடைதான். பல நாள் நிறுத்தி வைத்த வண்டி என்றால் டயர் நின்ற இடத்தில் தட்டையாகியிருக்கும், பத்து பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி டயரைச் சூடாக்கிவிட்டுப் போங்கள். முன் ஆக்ஸில் ஒரே தண்டாக உள்ள வண்டியில் ஒரு குழியில் இறங்கியதும் ஸ்டீயரிங் வெறிபிடித்தது போல் ஆடினால், பேலன்சிங்கோடு நிறுத்தாமல் ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் தண்டான டிராக் பாரின் புஷ்ஷையும் போல்ட்டையும் பாருங்கள், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

கடைசியாக, காற்றைக் குறைத்துப் பாறையில் ஏறுகிறவர்களுக்கு. குறைந்த காற்றில் டயர் ரிம்மின் மேல் நழுவித் திரும்பிவிடலாம், அப்படி ஆனால் போட்ட பேலன்ஸும் போய்விடும். வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வையுங்கள். இறங்கி வந்து பார்க்கும்போது கோடு வால்வை விட்டு நகர்ந்திருந்தால் மறுபடி பேலன்ஸ் செய்யணும். உங்கள் டயர் என்ன அளவு, எந்த வேகத்தில் உதறுகிறது, அரைச் சுற்றுச் சோதனையில் எத்தனை கிராம் வந்தது என்று மூன்றையும் கமென்ட்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் சொல்கிறேன்.