விரலால் தொட்டால் 50 ஹெர்ட்ஸ்! லேப்வியூவும் டேக் கருவியும், முதல் நாள்

[திரையில்: சிவப்புக் கம்பி, அதன் நுனியைப் பிடித்த விரல்]

இந்தக் கம்பியில் பேட்டரி இல்லை, சென்சாரும் இல்லை. ஒரு முனை டேக் கருவியில், அதாவது மின்னழுத்தத்தை அளந்து கணினிக்கு எண்ணாக அனுப்பும் பெட்டியில் இருக்கிறது, மறுமுனையை நான் பிடித்திருக்கிறேன். அவ்வளவுதான். ஆனால் திரையில் அலை ஓடுகிறது, பாருங்கள். எண்ணினால் நொடிக்கு 50 அலை. எங்கிருந்து வருகிறது? கடைசி வரை பாருங்கள், இதை ஒரே ஒரு எண்ணால் அடக்கிக் காட்டுகிறேன்.

வணக்கம்! பின்னணியை வேகமாக முடித்துவிடுவோம். லேப்வியூ என்பது அளக்கும் கருவிகளுக்குப் படமாகவே புரோகிராம் போடும் மென்பொருள். 1986-இல் மெக்கின்டாஷ் கணினிக்காக வந்தது. டெக்சஸின் ஆஸ்டின் நகரில் இருக்கும் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் உருவாக்கியது. வணிக நோக்கமில்லாத சொந்தப் பயன்பாட்டுக்குக் கம்யூனிட்டி எடிஷன் இலவசம். அதோடு டேக்எம்எக்ஸ் டிரைவரையும் போடுங்கள், கருவியையும் லேப்வியூவையும் பேசவைப்பது அதுதான். டிரைவர் இல்லாமல் கருவியைச் செருகினால் லேப்வியூவுக்கு அது தெரியவே தெரியாது. என்னிடம் இருக்கும் டேக் கருவி யூஎஸ்பி-6009. கருவி கையில் இல்லாதவர்கள், மேக்ஸ் என்ற துணை மென்பொருளில் ஒரு போலிக் கருவியை உருவாக்கிக்கொள்ளலாம். அதுவே சைன் அலை அனுப்பும், பழகுவதற்குப் போதும்.

சரி, லேப்வியூவைத் திறந்தால் இரண்டு ஜன்னல். முன்னால் இருப்பது ஃப்ரண்ட் பேனல்: குமிழ், வரைபடம், நிறுத்தும் பொத்தான் எல்லாம் இங்கே. பின்னால் பிளாக் டயகிராம்: பெட்டிகளை வைத்து வயரால் இணைக்கிறோம், அதுதான் புரோகிராம்.

சி, பைத்தான் படித்து வந்தவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். எந்த வரி முதலில் ஓடும் என்று தேடுவார்கள். வரியே கிடையாது. சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் தோசைக் கடை முன்னால் நின்றிருப்பீர்கள். கல்லில் தோசை வெந்துவிட்டது, சட்னியும் தயார், சாம்பார் இன்னும் ஊற்றவில்லை. தட்டு நகருமா? நகராது. மூன்றும் சேர்ந்த நொடியில்தான் தட்டு கைக்கு வரும். பக்கத்தில் வடை போடுகிறவர் அதற்காகக் காத்திருப்பாரா? அவர் பாட்டுக்குப் போட்டுக்கொண்டிருப்பார். லேப்வியூவில் ஒவ்வொரு பெட்டியும் அப்படித்தான். தனக்கு வரவேண்டிய எல்லாத் தரவும் வந்தால் ஓடும், வராவிட்டால் நிற்கும். ஒன்றையொன்று சாராத பெட்டிகள் ஒரே நேரத்தில் ஓடலாம். மேலே இருக்கும் பல்பு பொத்தானை அழுத்திவிட்டு ஓடவிடுங்கள், தரவு சின்னச் சின்னக் குமிழிகளாக வயரில் ஊர்ந்து போவது தெரியும். எனக்கு இந்த மென்பொருளில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

வயரின் நிறங்களை எம்ஆர்டி ரயில் வரைபடம் போல மனத்தில் வையுங்கள்: ஆரஞ்சு என்றால் தசம எண், நீலம் முழு எண், பச்சை ஆம்-இல்லை, இளஞ்சிவப்பு எழுத்து.

இப்போது வேலைக்கு வருவோம். எல்எம்35 வெப்பச் சென்சார், சிம் லிம் டவர் கடைகளில் தேடுங்கள். ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். பிளாக் டயகிராமில் டேக் அசிஸ்டன்ட் பெட்டியை வைத்து, வோல்டேஜ், டிஃபரன்ஷியல் (இரண்டு கம்பிகளுக்கு இடையிலான வித்தியாசத்தை அளப்பது), தொடர் சேம்பிள் (விடாமல் அளந்துகொண்டே இருப்பது; ஒவ்வோர் அளவும் ஒரு சேம்பிள்) என்று தேர்ந்தெடுங்கள். வரும் எண்ணை 100-ஆல் பெருக்கினால் டிகிரி செல்சியஸ். சுற்றி ஒரு வைல் லூப் (நிறுத்தும்வரை திரும்பத் திரும்ப ஓடவைக்கும் சட்டம்), நிறுத்தப் பொத்தான், எண்ணைக் கோடாக வரையும் ஒரு சார்ட். முடிந்தது. 6009-க்கு இந்த முறையில் 14 பிட், அதாவது 20 வோல்ட் வீச்சை 16,384 படிகளாகப் பிரிக்கும். ஒரு படி 1.2 மில்லிவோல்ட், கிட்டத்தட்ட 0.12 டிகிரி.

ஆனால் ஓடவிட்டால் எண் நிலையாக நிற்காது. நீளமான கம்பியை எக்ஸ்டென்ஷன் வயருக்குப் பக்கத்தில் போட்டிருந்தேன், ஒன்றிரண்டு டிகிரி மேலும் கீழுமாகத் துள்ளியது. சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொன்று வாங்கினேன். அதுவும் துள்ளியது.

சென்சார் பாவம், அதன் மேல் தப்பில்லை. சிங்கப்பூரில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சுவருக்குள் ஓடும் அந்த மின்சாரத்தின் புலம் உங்கள் கம்பியையும் உடம்பையும் தொடுகிறது. என் விரல் அனுப்பிய அலை அதுதான்!

[திரையில்: 50 ஹெர்ட்ஸ் அலை, ஐந்து முழுச் சுற்றுகள்]

இப்போது அந்த எண். ஓர் அலை முடிய 20 மில்லிநொடி. முழு அலையில் மேலே எவ்வளவோ கீழேயும் அவ்வளவு, கூட்டிச் சராசரி எடுத்தால் பூஜ்யம். டேக் அசிஸ்டன்டில் வேகம் 1000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 1000 சேம்பிள்), ஒரு முறைக்கு 100 சேம்பிள் என்று கொடுங்கள். அது 100 மில்லிநொடி, சரியாக ஐந்து முழு அலை. நடுவில் சராசரி எடுக்கும் ‘மீன்’ (Mean) பெட்டியை வைத்து அந்த 100-க்கும் சராசரி எடுங்கள். இதோ, கோடு படுத்துவிட்டது! ஃபில்டர் இல்லை, கூடுதல் பாகம் இல்லை, வெறும் 100. இன்னொரு அழகு: அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே 100 மில்லிநொடியில் ஆறு முழு அலை. ஒரே எண் இரண்டு நாட்டுக்கும் பொருந்துகிறது. இதைக் கண்ட அன்று காகிதத்தில் போட்டுப் போட்டுப் பார்த்தேன், அவ்வளவு சந்தோஷம்.

உங்களுக்கு ஒரு கேள்வி. வேகத்தை மாற்றாமல் 150 சேம்பிள் எடுத்தால் அமெரிக்காவில் கோடு படுக்கும். சிங்கப்பூரில் என்ன ஆகும்? காகிதத்தில் அலையை வரைந்து பார்த்துவிட்டு கமெண்டில் எழுதுங்கள்.