வரவேற்பறை திறந்திருந்தது, சட்டம் திறக்கவில்லை

நண்பர்களே, பதினெட்டாம் நூற்றாண்டு இறுதியின் பெர்லின் யூதப் பெண்கள் என்றதும் ஹென்ரியெட் ஹெர்ஸ், ராகேல் லெவின் ஆகியோர் வீட்டு வரவேற்பறைகளைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அறிஞர்களான ஹம்போல்ட் சகோதரர்களும் இறையியலாளர் ஷ்லையர்மாகரும் அங்கே வந்து பேசியது உண்மை. ஆனால் அந்த வீட்டுப் பெண்கள் எந்த உரிமையில் அந்த ஊரில் இருந்தார்கள்? அதை முதலில் பார்ப்போம்.

பெர்லின் அன்று பிரஷ்ய நாட்டின் தலைநகரம். 1750-இல் இரண்டாம் பிரெடரிக் மன்னர் பிரஷ்ய யூதர்களைப் படிப்படியாகத் தரம் பிரித்தார். குடியிருக்க அரசு தரும் சாதாரணப் பாதுகாப்புச் சீட்டு உள்ளவர் தம் குடியிருக்கும் உரிமையை ஒரே பிள்ளைக்குத்தான் விட்டுச் செல்லலாம். தத்துவ அறிஞர் மோசஸ் மெண்டல்சோனுக்கு 1763-இல் கிடைத்த சீட்டோ இன்னும் கீழ்த்தரம்; அவர் ஆயுளோடு முடிந்துவிடும். 1769 முதல் இன்னொரு சுமை: திருமணத்துக்கோ வீடு வாங்கவோ அனுமதி கேட்கும் யூதர், அரசுத் தொழிற்சாலையின் பீங்கான் பாத்திரங்களைக் கட்டாயமாக வாங்கி வெளிநாட்டில் விற்க வேண்டும். பெரும்பாலும் 300 தாலர் (அக்கால வெள்ளி நாணயம்) மதிப்புக்கு. விற்பனையில் வரும் நட்டம் அவர்கள் தலையில். அங்கே பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதென்றால் குடியிருக்கும் உரிமையையும் சேர்த்துப் பார்ப்பதுதான்.

படிப்பிலும் ஒரு முரண். 1778-இல் பெர்லினில் தொடங்கிய யூத இலவசப் பள்ளி ஆண் பிள்ளைகளுக்கானது. வசதியான வீட்டுப் பெண்களுக்கு வீட்டிலேயே பிரெஞ்சும் இசையும். தால்முத் என்னும் யூத சமய நூல் கல்வி பையன்களுக்கே என்று விட்டதால், ஜெர்மன் இலக்கியத்தில் பெண்கள் அண்ணன் தம்பிகளை முந்திக்கொண்டார்கள்.

மெண்டல்சோனின் மகள் பிரெண்டலைப் பாருங்கள். 1783-இல் பெற்றோர் பார்த்த சைமன் ஃபைட்டை மணந்தார். 1797-இல் ஹெர்ஸ் வீட்டில் கிறிஸ்தவ எழுத்தாளர் பிரீட்ரிக் ஷ்லேகலைச் சந்தித்தார். 1799-இல் ரபிகள் (யூத மதகுருக்கள்) முன்னிலையில் மணவிலக்கு. இளைய மகன் பிலிப்பைத் தன்னோடு வைத்துக்கொள்ள நிபந்தனை உண்டு: மறுமணம் கூடாது, ஞானஸ்நானம் கூடாது. அன்று பிரஷ்யாவில் பதிவுத் திருமணம் என்பதே கிடையாது. மதம் மாறாமல் யூதப் பெண் கிறிஸ்தவரைக் கைப்பிடிக்க வழியில்லை. ஆகவே ஐந்து ஆண்டுகள் மணமாகாமலே ஷ்லேகலோடு வாழ்ந்து ஊராரின் ஏச்சைத் தாங்கினார். 1801-இல் வந்த அவருடைய 'புளோரென்டின்' நாவலில் அவர் பெயர் இல்லை, பதிப்பாசிரியராக ஷ்லேகல் பெயர்தான் இருந்தது. 1804-இல் பாரிஸில் ஞானஸ்நானம் பெற்று, திருமணமும் செய்துகொண்டார். அவரைக் குலத்துரோகி என்று ஏசுவோர் இந்த வரிசையை ஒருமுறை படித்துவிட்டு ஏசட்டும்.

மாறாமல் நின்றவர்களும் உண்டு. இசையமைப்பாளர் வில்ஹெல்ம் பிரீடமன் பாகின் மாணவி சாரா லெவி, பாக் குடும்பத்தாரின் கையெழுத்துப் பிரதிகளைச் சேகரித்து பெர்லின் பாடகர் சங்கத்துக்குக் கொடுத்தார். 1854-இல் யூதப் பெண்ணாகவே மறைந்தார். பெரும் செல்வர் டேனியல் இட்சிகின் மகள் அவர். தந்தை குடும்பம் முழுவதும் 1791-லேயே குடிமக்கள் உரிமை பெற்றிருந்தது. அந்தப் பின்பலம் ராகேலுக்கு இல்லை.

நெப்போலியன் படை 1806-இல் பெர்லினுக்குள் வந்தபின் அந்த வரவேற்பறைகள் ஒளி மங்கின. 1811-இல் எழுத்தாளர் ஆர்னிம் தொடங்கிய விருந்துக் கழகம் பெண்களையும் யூதர்களையும், மதம் மாறிய யூதர்களையும்கூடச் சேர்க்கவில்லை. மறு ஆண்டு அரசாணை யூதர்களைக் குடிமக்களாக்கியது, ஆனால் கலப்பு மணத் தடை அப்படியே கிடந்தது. 1814-இல் 43 வயது ராகேல் ஞானஸ்நானம் பெற்று, அதே ஆண்டு கிறிஸ்தவ எழுத்தாளர் ஃபார்ன்ஹாகனை மணந்தார்.